112 கூடவா, குறைவா?

கேள்வி: எனக்கு வயது 54. சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். கிளினிக்கில் மெட்ஃபோமினும், கொலஸ்ட்ரோலுக்கு அற்றோவஸ்ரற்றின் 10 மில்லிகிராமும் தருகிறார்கள். போன மாதம் கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்பி, ‘அப்போ பி’ என்று ஒரு இரத்தச் சோதனை செய்யச் சொன்னான். கிளிநொச்சியில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தாள் வந்தது. 112 என்று இருந்தது. பக்கத்தில் 66 – 133 என்று அச்சடித்திருந்ததால் பிழையில்லை என்று நினைத்தேன். மகனோ, “அப்பா, இங்கே 0.8-க்கு மேலே போனாலே மருந்தைக் கூட்டுவினம்” என்கிறான். 0.8 எங்கே, 112 எங்கே! எனக்கு 140 மடங்கா கூடியிருக்கிறது? எல்.டி.எல். 96 தான். “கெட்ட கொலஸ்ட்ரோல் நல்லாயிருக்கு” என்று கிளினிக்கில் சொன்னதால், உண்மையைச் சொன்னால், அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையை இரவில் சில நாள் விட்டும் விடுகிறேன். தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி ஐயா?
– வாசகர், முரசுமோட்டை

பதில்: பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் தம்பி. 140 மடங்கு இல்லை. அப்போ பி என்பது இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து ஓடும் துணிக்கைகளில் உள்ள ஒரு புரதம், அதன் வேலையைப் பிறகு சொல்கிறேன். மகன் சொல்வது லீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. உங்கள் தாளில் இருப்பது டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அவர்களுடையதை நூறால் பெருக்கினால் நம்முடையது வந்துவிடும். 0.8 என்றால் 80. உங்கள் 112 அங்கே 1.12. ஒருவர் நெல்லை மூட்டையில் சொல்கிறார், மற்றவர் கிலோவில் சொல்கிறார், அவ்வளவுதான். (இந்த நூறு, அப்போ பி-க்கு மட்டும். கனடாக்காரர் கொலஸ்ட்ரோலை மில்லிமோலில் சொல்வார்கள், அதை 38.67-ஆல் பெருக்க வேண்டும். ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்புக்கு 88.57. தொலைபேசியில் மகனோடு இலக்கம் மாற்றிக்கொள்ளும்போது அலகையும் கேளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.)

ஆனால் மகன் சொன்னது சரிதான். 112 உங்களுக்குக் கூட.

அப்படியானால் அந்த 66 – 133 என்ன, ஆய்வுகூடம் பொய் சொல்கிறதா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. நான் 31 வருடம் வன்னி ஆஸ்பத்திரிகளின் ஆய்வுகூட மேசையில் இருந்தவன், அந்த வீச்சு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். வருத்தம் இல்லாதவர்கள் என்று கருதும் ஒரு கூட்டத்தைப் பிடித்து, எல்லோருக்கும் சோதனை செய்து, மிகக் குறைந்த பக்கத்தில் கொஞ்சம், மிகக் கூடிய பக்கத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டு, நடுவில் விழும் 95 வீதத்தினரை ‘நோர்மல்’ என்று அச்சடிப்பார்கள். அந்த நடுவில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பத்து வருடம் கழித்து நெஞ்சு நோ வந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. 1990-களில், ஒரு நாளைக்கு நூறு மலேரியாத் தகடு பார்த்த காலத்தில், எங்கள் வாசலில் வரிசையில் நின்றவர்களை வைத்து ஹீமோகுளோபினுக்கு வீச்சு எடுத்திருந்தால் இரத்தச் சோகையைக் காட்டும் 9 கூட நோர்மலாகியிருக்கும். (அந்த மலேரியாவும் போய்விட்டது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. தகடு பார்த்த மேசையில் இப்போது கொழுப்புப் பார்க்கிறார்கள்.)

ஆகவே கொழுப்பு விஷயத்தில் அச்சடித்த வீச்சைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு எது இலக்கு என்று பாருங்கள். ஐரோப்பிய இருதய மருத்துவர்களின் 2019 வழிகாட்டலில் அப்போ பி-க்கு மூன்று படிகள் உண்டு. ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள் போன்ற மிகக் கூடிய ஆபத்துக்காரருக்கு 65-க்குக் கீழே. கூடிய ஆபத்துக்காரருக்கு 80-க்குக் கீழே. நடுத்தர ஆபத்துக்காரருக்கு 100-க்குக் கீழே. சீனி வருத்தம் பத்து வருடம் தாண்டியவர் குறைந்தது இரண்டாம் படியில் நிற்கிறார். நீங்கள் பதினொரு வருடக்காரர். உங்கள் இலக்கு 80. கனடாக்காரரின் 2021 வழிகாட்டலும் உங்களைப் போல மருந்து எடுப்பவருக்கு 0.8 என்ற கோட்டைத்தான் போடுகிறது. மகன் எங்கேயோ சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

இனி, எல்.டி.எல். 96 என்றால் நல்லதுதானே என்ற கேள்வி. உங்கள் கேள்வியின் நடுநரம்பு இதுதான், இங்கே கொஞ்சம் மினக்கெடுவோம்.

பெரும்போக அரிவி வெட்டு முடிந்து வாய்க்கால் கரை றோட்டால் நெல் ஏற்றிப் போவதை நினையுங்கள். 96 மூட்டை போக வேண்டும். உழவு இயந்திரத்தில் கொழுவும் நாலு பெட்டியில் நிறைத்தும் ஏற்றலாம், எட்டுப் பெட்டியில் அரைகுறையாகவும் ஏற்றலாம். ஆலையில் மூட்டையை எண்ணுகிறவனுக்கு இரண்டும் 96 தான். ஆனால் அந்த மதகுத் திருப்பத்தில் சில்லு சறுக்கிக் கரைச் சேற்றில் புதைகிற வாய்ப்பு ஒவ்வொரு பெட்டிக்கும் உண்டு. எட்டுப் பெட்டி போனால் எட்டுத் தடவை அந்த வாய்ப்பு. கொலஸ்ட்ரோல் இரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை, துணிக்கைகளில் ஏறித்தான் ஓடுகிறது. நாடியின் சுவருக்குள் போய்ப் புதைவதும் அந்தத் துணிக்கைதான், அதாவது பெட்டி. எல்.டி.எல். என்று உங்கள் தாளில் இருப்பது மூட்டைக் கணக்கு. பெட்டிக் கணக்கு அதில் இல்லை.

பெட்டியை எப்படி எண்ணுவது? ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரே ஒரு கொழுக்கி உண்டு அல்லவா? கொழுக்கியை எண்ணினால் பெட்டியை எண்ணியதாகிவிடும். அப்போ பி அந்தக் கொழுக்கி. கல்லீரல் ஒரு துணிக்கையைச் செய்து வெளியே விடும்போதே ஒரு அப்போ பி புரதத்தைச் சேர்த்துத்தான் விடுகிறது. அது வழியில் கழன்று விழாது, கடைசி வரை கூடவே இருக்கும். நாடிக்குக் கெடுதல் செய்கிற துணிக்கைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. நல்லது என்று சொல்கிற எச்.டி.எல்.-இல் அது இல்லை. எண்ணுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எல்லோருக்கும் மூட்டைக் கணக்கும் பெட்டிக் கணக்கும் பிரிந்து போவதில்லை. பிரிவது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களுக்கு: சீனி, தொப்பை, கூடிய ட்ரைகிளிசரைட். ட்ரைகிளிசரைட் கூடினால் துணிக்கைகள் தங்கள் கொலஸ்ட்ரோலைக் கொடுத்துவிட்டுச் சிறுத்துப் போகின்றன. அரைகுறைப் பெட்டிகள் கூடுகின்றன. உங்கள் தாளைப் பாருங்கள்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 182, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைட் 260. என் கண் முதலில் போய் நின்றது அந்த 260-இல்தான்.

இன்னொன்று. அந்த 96-ஐ எந்த இயந்திரமும் அளக்கவில்லை. ஒரு பென்சிலை எடுங்கள். 260-ஐ 5-ஆல் வகுத்தால் 52. 182-இலிருந்து 34-ஐயும் 52-ஐயும் கழியுங்கள். 96 வருகிறதா? 1972-இல் ஃபிறீட்வால்ட் என்ற அமெரிக்கரும் கூட்டாளிகளும் சொன்ன கணக்கு இது. நேராக அளக்கும் ஆய்வுகூடங்களும் உண்டு, ஆனால் உங்கள் தாளில் வந்தது இந்தக் கழித்தல். ட்ரைகிளிசரைட் 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே போடக்கூடாது. அதற்குக் கீழேயும், அது ஏற ஏறக் கணக்கு தளம்பும். அப்போ பி-யை அப்படிக் கழித்துக் கூட்டி எடுப்பதில்லை, நேராகவே அளக்கிறார்கள்.

அதைவிட, 96 என்பதே உங்களுக்கு நல்லது இல்லை. கூடிய ஆபத்துக்காரருக்கு எல்.டி.எல். இலக்கு 70-க்குக் கீழே. “நல்லாயிருக்கு” என்று சொன்னவர் அச்சடித்த வீச்சைப் பார்த்துச் சொல்லியிருப்பார். கிளினிக் நாளில் அந்தக் கூட்டத்தில் ஒரு கொப்பிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது என் இரத்தத்தை நானே சோதித்தேன். எல்.டி.எல். 104, ட்ரைகிளிசரைட் 230. என் கையாலேயே ‘நோர்மல்’ என்று எழுதி மேசை லாச்சியில் போட்டேன். பதினாலு மாதத்தில், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகச் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது இடது தோளில் பிடித்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத்தான் திரும்பி வந்தேன். 260-இல் என் கண் ஏன் போய் நிற்கிறது என்று இப்போது விளங்கும்.

நம்முடைய ஆட்களுக்கு இது முந்தியே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இலங்கையும் அதில் உண்டு. மாரடைப்புக்கான காரணங்களில் முன்னுக்கு நின்றவற்றில் அப்போ பி-க்கும் எச்.டி.எல்.-இன் புரதமான அப்போ ஏ-1-க்கும் உள்ள விகிதமும் ஒன்று. முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. உங்களுக்கு இப்போது 54.

சரி, என்ன செய்வது? மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் டொக்டரிடம் எதைக் கேட்பது என்று சொல்லலாம். தாளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். குளிசையை விட்டு விட்டுப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், 10 வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் 40 எழுதுவார், நீங்கள் அதையும் விட்டு விட்டுப் போடுவீர்கள். மறந்துபோவதுதான் காரணம் என்றால் காலைச் சாப்பாட்டோடு போடலாமா என்று கேளுங்கள். அற்றோவஸ்ரற்றின் உடம்பில் நீண்ட நேரம் நிற்கிற மருந்து, இரவுதான் என்ற கட்டாயம் இல்லை. தொடை நோகிறது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. அரிவி வெட்டுக்குப் பிறகு யாருக்குத்தான் நோகாது? இருந்தாலும் வயல் வேலை இல்லாத நாளிலும் நோவு நின்றால், அல்லது சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால், உடனே காட்டுங்கள். ஒழுங்காகப் போட்டு 4 தொடக்கம் 12 கிழமைக்குள் திரும்பச் சோதித்தால்தான் மருந்து என்ன செய்தது என்று தெரியும்.

260-ஐ இறக்குவது பாதி உங்கள் கையில். தேத்தண்ணீருக்குள் போகும் சீனி, மத்தியானச் சோற்றுக் கோப்பையின் உயரம், பின்னேரக் கள்ளு. மூன்றையும் நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை, வயது 36. மெலிந்த உடம்பு, சீனியும் இல்லை, பிறஷரும் இல்லை. வேலைக்கான மருத்துவச் சான்றிதழுக்காகச் சோதித்தபோது மொத்தக் கொலஸ்ட்ரோல் 289, எல்.டி.எல். 218, எச்.டி.எல். 52, ட்ரைகிளிசரைட் 95 என்று வந்தது. பிறகு அப்போ பி செய்தேன், 156. எண்ணெய்ச் சாப்பாட்டை விடச் சொல்கிறார்கள். நான் எண்ணெய் சாப்பிடுவதே குறைவு. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, உங்கள் தாளில் மூட்டையும் கூட, பெட்டியும் கூட. இரண்டு கணக்கும் ஒன்றையே சொல்வதால் அப்போ பி இங்கே புதிதாக எதையும் சொல்லவில்லை. அந்தக் காசு மிச்சம் பிடித்திருக்கலாம், பரவாயில்லை.

எல்.டி.எல். 190-க்கு மேல் நிற்கும் ஒரு மெலிந்த இளம் பெண் என்றதும் யோசிக்க வேண்டியது பரம்பரைக் கொலஸ்ட்ரோல். முதலில் தைரொயிட் சோதனை ஒன்று செய்து, அதனால் கூடவில்லை என்று உறுதிப்படுத்துவார்கள். அப்புறம் குதிக்காலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாணை விரலால் தடவிப் பாருங்கள். கயிறு போல ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் தடிப்போ முடிச்சோ தட்டுப்பட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். கைமுட்டி மொழிகளிலும் பாருங்கள். இல்லாவிட்டால் வருத்தம் இல்லை என்று அர்த்தம் இல்லை. இது அப்படி அபூர்வமானதும் இல்லை, ஏறக்குறைய 250, 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கும்.

முரசுமோட்டைத் தம்பிக்குச் சொன்ன கொழுக்கி இங்கேயும் உதவும். கல்லீரலின் வாசலில் நிற்கிற உழவு இயந்திரம் அந்தக் கொழுக்கியைப் பிடித்துத்தான் பெட்டியை உள்ளே இழுக்கிறது. அந்த உழவு இயந்திரத்துக்கு ஏற்பி என்று பெயர், அதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிறவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரோல்காரருக்குப் பிறப்பிலேயே உழவு இயந்திரம் பாதிதான். சிலருக்குக் கொழுக்கியே வளைந்திருக்கும். பெட்டிகள் றோட்டிலேயே நிற்கின்றன. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அதனால்தான் பத்தியம் மட்டும் போதாமல் மருந்து வேண்டியிருக்கிறது. இது நீங்கள் செய்த பிழை இல்லை.

டொக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி, ‘குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா?’ என்பது. வன்னியில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் இடம் எத்தனையோ தாள்களில் வெறுமையாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். அப்பா 38 வயதில் போனார், ஆனால் நெஞ்சு நோவால் இல்லை. மாமா எங்கே என்றே தெரியாது. மாரடைப்பு வருகிற வயதுக்கு அந்த ஆண்களைக் காலம் விடவில்லை. ‘யாருக்கும் இல்லை’ என்று அந்த இடத்தில் எழுதிவிடாதீர்கள். ‘தெரியாது’ என்று எழுதுங்கள். டொக்டருக்கு இரண்டும் ஒன்றில்லை. உயிரோடு இருக்கும் பக்கத்தில் தேடுங்கள். அம்மாவின் சகோதரிகள், இந்தியாவிலோ பிரான்சிலோ இருக்கும் சித்தப்பா பெரியப்பாமார். ஒரு அழைப்பு எடுத்து, கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறீர்களா, எந்த வயதில் தொடங்கினீர்கள் என்று கேட்டால் போதும்.

உங்களுக்கு இது உறுதியானால் உங்கள் சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கொலஸ்ட்ரோல் சோதனையே போதும். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் பொதுவாக ஸ்ரற்றின் வகைக் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்துவார்கள்.

கேள்வி: அப்போ பி-க்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். அப்போ பி-க்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆனால் கூடவே ட்ரைகிளிசரைட் உள்ள முழுக் கொழுப்புச் சோதனையும் செய்கிறார்கள் என்றால் 9 தொடக்கம் 12 மணித்தியாலம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் ஊசியும் போட்டு வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறாதீர்கள், அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள். வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களுக்குச் சீனித் தண்ணீர் பருக்கியே என் அரைவாசிக் காலைகள் போயின. காய்ச்சலோடு போகவும் வேண்டாம், காய்ச்சலில் கொலஸ்ட்ரோல் இலக்கங்கள் இறங்கிக் காட்டும்.

கேள்வி: தேங்காய்ச் சம்பலை விட வேண்டுமா, விட்டால் அப்போ பி குறையுமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. அது கல்லீரலின் வாசலில் இழுப்பைக் குறைக்கிறது, எல்.டி.எல். ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் நல்லது என்று தொலைபேசியில் சுற்றும் காணொளிகளை நானும் பார்க்கிறேன், என் அனுபவத்தில் தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. அதற்காகச் சம்பலை மேசையிலிருந்து தூக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பொரிக்கிற எண்ணெயை மாற்றுங்கள், சொதியில் முதற்பாலைக் குறையுங்கள், சம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். புட்டில் மாவுக்குச் சரிக்குச் சரி தேங்காய்ப்பூ போடுகிற வீடு எங்களுடையதும்தான். இப்போது பாதியாக்கியிருக்கிறோம். மனைவி இன்னும் முணுமுணுக்கிறா.

கேள்வி: இந்தச் சோதனைக்கு என்னிடம் காசில்லை. சாதாரணக் கொலஸ்ட்ரோல் தாள்தான் இருக்கிறது.
– வாசகர், துணுக்காய்

பதில்: அந்தத் தாளே போதும். மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள், அவ்வளவுதான். முரசுமோட்டைத் தம்பிக்கு 182-இல் 34 போக 148. கெட்ட பெட்டிகள் எல்லாவற்றிலும் உள்ள மூட்டைகளின் கூட்டுத்தொகை இது. அப்போ பி அளவு துல்லியம் இல்லை, ஆனால் எல்.டி.எல்.-ஐ மட்டும் பார்ப்பதைவிட நல்லது. ட்ரைகிளிசரைட் கூடியவரையும் ஏமாற்றாது. இதற்கான இலக்குகள் அதே மூன்று படிகளில் 85, 100, 130. தம்பி நிற்க வேண்டியது 100-க்குக் கீழே, நிற்பது 148-இல். அப்போ பி செய்யாமலே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். மகனிடம் சொல்ல வேண்டாம்.

தாளைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பெயரை விரலால் மறையுங்கள், ஆனால் வலது ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அலகு அங்கேதான் இருக்கிறது.